நாம் இல்லாத சபை

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கேனோபநிஷத வகுப்பு நடைபெறுகிறது. பழைய லைன் வீடுகளில் ஒன்றின் முன்கூடமே வகுப்பறை. வருபவர்களில் பாதிப்பேர் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். மீதிப்பேர் நாள்தோறும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவு திரும்பும் இளைஞர்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு இவ்வூரின் வாழ்க்கை அந்த ரயில் பாதையையே பற்றிக்கொண்டிருக்கிறது.

சென்ற முறை வகுப்பு முடிந்ததும் முதியவர் ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். அவருடைய பேத்தி பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூரில் சமயத் தத்துவத்தில் முதுகலை பயில விரும்புகிறாளாம். இடமும் கிடைத்துவிட்டது. கல்லூரியை நடத்துவோர் கிறிஸ்தவர்கள். பாடத்திட்டத்தில் விவிலிய ஆய்வும் இறையியலும் உண்டு. ஆண்டுதோறும் இம்மூன்று துறையினரும் கூடும் கருத்தரங்கில் மாணவர்களும் கட்டுரை வாசிக்க வேண்டும். உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதியவர் கேட்டார்: "சாமி, அங்கே போய்ப் படித்தால் பிள்ளைக்கு இருக்கிற நம்பிக்கை போய்விடுமா? இல்லை, வேறு நம்பிக்கை வந்துவிடுமா? எதற்கு நான் பயப்பட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை."

ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வியன்று இது. "எல்லாம் ஒன்றே, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லியிருக்கலாம். அது அவருடைய அச்சத்தையும் அப்பெண்ணின் படிப்பையும் ஒருசேர அலட்சியப்படுத்துவதாகும். அடுத்த மாதம் விரிவாகப் பேசுவோம் என்றேன். அப்போது பேசியவற்றின் எழுத்து வடிவமே இக்கட்டுரை.

மூன்று துறைகள்

விவிலிய ஆய்வு என்பது நூலை ஆராய்வது. எபிரேய, கிரேக்க மூலங்களில் ஒரு சொல் எப்படி ஆளப்பட்டுள்ளது, ஒரு பகுதி எக்காலத்தில் யாரை நோக்கி எழுதப்பட்டது, பிரதிகள் எங்கே வேறுபடுகின்றன என்பன அதன் கேள்விகள். இறையியல், அந்நூலை ஏற்றுக்கொண்ட சமூகம் எதை நம்புகிறது, அந்நம்பிக்கை தனக்குள் முரணின்றி நிற்கிறதா என்று பார்க்கிறது. சமயத் தத்துவம் வாசலுக்கு வெளியே நின்று வினவுகிறது: இறைவன் உண்டு என்பதற்குச் சான்று யாது? வெளிப்பாடு என்று ஒன்று இருக்குமாயின் அதை வெளிப்பாடு என்று அறிவது எவ்வாறு? ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் அவ்வாறு உரிமை கொண்டாடினால் என்ன செய்வது?

இப்பிரிவினை நமக்குப் புதியதன்று. வேதாந்த ஆசாரியர் ஒருவரைப் புகழும்போது 'பதவாக்யப்பிரமாணஜ்ஞர்' என்று சொல்வது பழைய மரபு. பதம் என்பது வியாகரணம். வாக்கியம் என்பது மீமாம்சை. பிரமாணம் என்பது நியாயம். சொல்லை அறியாதவர் வாக்கியத்தின் பொருளை முடிவுசெய்ய இயலாது. வாக்கியப் பொருளை அறியாதவர் அதன் பிரமாணத்தைப் பற்றி வாதிட இயலாது. மூன்றும் ஒருவரிடத்தே கூடியிருக்க வேண்டும் என்பதே பாஷ்யகாரருக்கான தகுதி. சிருங்கேரியில் விநாயக சதுர்த்தியை ஒட்டி ஆண்டுதோறும் கூடும் வாக்யார்த்த சபையில் இன்றும் இச்சாஸ்திரங்களின் பண்டிதர்கள் ஒரே அரங்கில் அமர்ந்து வாதிடுகிறார்கள். தமிழிலோ, மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் பிரமாணங்களைக் கேட்பதற்கென்றே ஒரு காதை முழுதும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இளம்பெண் ஒருத்தி பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்கச் செல்வதைக் கண்டு அஞ்சாத மரபு அது. முதியவர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

சாம்பியன் ரீப்ஸுக்கே இதில் பங்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த நூல்கள் இவ்வூரின் சித்தார்த்த புத்தகசாலை வழியாகவே பல்லாண்டுகள் தமிழகத்தைச் சென்றடைந்தன. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவருடைய மறைவுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை உடைத்துவிட்டு மேலே வந்தவர்கள் மாலையில் அமர்ந்து வேதம், விவிலியம், தம்மம் ஆகியவற்றின் சொற்பொருளை வாதிட்ட ஊர் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1965-இல், இதே சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகளின் தடயம் கண்டறியப்பட்டது. டாடா ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய மூன்று இடங்களின் அறிஞர்கள் சேர்ந்து செய்த ஆய்வு. மேலே தரைமட்டத்தில் பிற துகள்களின் இரைச்சல் அதிகம். பாறை அதை வடிகட்டும் ஆழத்திற்குச் சென்றால்தான் மிக மெல்லியது கேட்கும். கூட்டாக ஆராய்தல் என்றால் என்னவென்று இவ்வூராருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கருவிகளைக் கூண்டில் ஏற்றி இறக்கியவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

தாம்பரம், டிசம்பர் 1938

முதியவரின் அச்சத்திற்கு நேராகப் பொருந்தும் நிகழ்ச்சி நம் சென்னைக்கு அருகிலேயே நடந்தது. சர்வதேச மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடியது. சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடத்தவே முதலில் எண்ணியிருந்தார்கள். ஜப்பானியப் படையெடுப்பால் அது இயலாது போயிற்று. கல்லூரியோ சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து 471 பேர் வந்து மாணவர் விடுதிகளில் தங்கினர். ஜான் மாட் தலைமை வகித்தார். மாநாட்டிற்குச் சற்று முன்னர் அவர் சேகாவ் சென்று மகாத்மா காந்தியைச் சந்தித்து உரையாடியிருந்தார்.

இம்மாநாட்டைக் கல்விசார் கருத்தரங்கு என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அது சமயப் பணியாளர்களின் மாநாடு. எனினும் விவிலிய விளக்கம், இறையியல், சமயத் தத்துவம் மூன்றும் அங்கே மோதியதைப் போல் இந்தியாவில் அதற்கு முன் மோதியதில்லை. மோதிய பொருள் நாம்தான். இந்து சமயத்தில் இறைவனின் வெளிப்பாடு உண்டா இல்லையா என்பதே கேள்வி. பிரதிநிதிகள் யாவரும் கிறிஸ்தவர்கள். நம்மைப் பற்றிய அந்த நீண்ட விவாதத்தில் நாம் யாரும் அமர்ந்திருக்கவில்லை.

இதைப் படித்த முதல் நாளில் எனக்கு எழுந்த உணர்ச்சி மனக்கசப்பே. பின்னர் அவ்விவாதக் கட்டுரைகள் அடங்கிய தொகுதியை எடுத்து வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகப் படிக்கலானேன். மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு நன்மை உண்டு: எதிரியின் வாக்கியத்தையும் அவன் முழுவதும் புரிந்துகொண்டாக வேண்டும், பாதியில் கோபித்துக்கொண்டு எழ முடியாது.

கிரேமரின் நிலை

ஹென்ட்ரிக் கிரேமர் டச்சுக்காரர். பாதிரியார் அல்லர், மொழியறிஞர். நெதர்லாந்து விவிலியச் சங்கத்தின் சார்பில் இந்தோனேசியாவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, பின்னர் லைடன் பல்கலைக்கழகத்தில் சமயங்களின் வரலாற்றுப் பேராசிரியரானவர். தாம்பரம் மாநாட்டிற்காகவே எழுதித் தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டு, 'கிறிஸ்தவம் அல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி' என்னும் பெருநூலை அவர் 1938-இல் வெளியிட்டார்.

அவருடைய வாதம் 'விவிலிய யதார்த்தம்' என்று அவர் பெயரிட்ட ஒன்றின்மேல் நிற்கிறது. விவிலியம் மனிதன் இறைவனைத் தேடிய கதையன்று. இறைவன் செயல்பட்டதன் பதிவு. ஆகவே அதை வேறெந்தச் சமயத்தின் தொடர்ச்சியாகவும் நிறைவாகவும் கருத இயலாது. பக்தி மார்க்கத்தில் அருள் பேசப்படுகிறதே என்றால், அச்சொல் ஒன்றாயிருக்கலாம், அது நிற்கும் கட்டடம் வேறு என்கிறார். ஒவ்வொரு சமயமும் பிரிக்கவொண்ணாத ஒரு முழுமை. அதிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து வந்து நம் சுவரில் பொருத்திவிட்டு இரண்டும் ஒரே வீடு என்று சொல்லலாகாது. நிறுவன வடிவில் உள்ள கிறிஸ்தவத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை; அதுவும் அதே தீர்ப்பின் கீழ் நிற்கும் மனித முயற்சியே என்றார். இதைப் பலர் கவனிப்பதில்லை.

கிரேமரின் முடிவை நான் ஏற்கவில்லை. நம் சமயத்தை 'இயற்கைச் சார்புடைய' பிரிவில் அவர் அடைத்தது சுருதி என்னும் கருத்தையே எடைபோடாமல் செய்த வகைப்பாடு. ஆனால் சமயம் ஒரு முழுமை என்ற அவருடைய கூற்று நம்மையும் சுடுகிறது. மேடைகளில் நாம் எத்தனை முறை பிறர் வேதத்திலிருந்து ஒரு வாக்கியத்தைப் பெயர்த்தெடுத்து, "இதோ, இதுவும் அத்வைதமே" என்று சொல்லிக் கைதட்டல் பெற்றிருக்கிறோம்! அந்த வாக்கியத்தை ஓதி வாழ்பவர் அதை ஒப்புக்கொள்வாரா என்று கேட்டதுண்டா? நம்மைக் கேளாமல் நம்மைப் பற்றி முடிவுசெய்தார்கள் என்று வருந்தும் நாமும் அதையே செய்துகொண்டிருக்கக்கூடும்.

ஹாக் எழுப்பிய தடை

கிரேமருக்கு மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை; அந்தக் கல்லூரியிலிருந்தே வந்தது. ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் ஸ்காட்லாந்துக்காரர். 1903-இல் சென்னைக்கு வந்து தத்துவப் பேராசிரியரானார். 1928 முதல் பத்தாண்டுகள் கல்லூரி முதல்வர். கர்மக் கோட்பாட்டை வேடிக்கைப் பொருளாகக் கருதாமல், அதன் அறவலிமையை முழுவதும் ஒப்புக்கொண்டு அதனோடு வாதிட்ட 'கர்மமும் மீட்பும்' என்ற நூலை 1909-இல் வெளியிட்டவர். அவருடைய வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர்களில் ஒருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இந்து சமயத்தின் மீது மிஷனரிகள் தொடுத்த கண்டனங்கள் அவ்விளைஞரின் உள்ளத்தைக் கலக்கின. அந்தக் கலக்கமே வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றிய முதுகலை ஆய்வேட்டை எழுதத் தூண்டிற்று. அது 1908-இல் அச்சாயிற்று. அதை மனமாரப் பாராட்டியவர் ஹாக். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்ததால் ராதாகிருஷ்ணனின் நம்பிக்கை போகவில்லை; ஆராயப்படாத நம்பிக்கையாக இருந்தது, ஆராயப்பட்டதாக மாறியது. கலக்கம் நேராது என்று முதியவரிடம் நான் சொல்லவில்லை. நேர்ந்தது, அதனால்தான் அவர் எழுதினார்.

தாம்பரத்தில் ஹாக் முன்வைத்த வேறுபாடு நுட்பமானது. 'ஃபெய்த்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர் ஒருமையிலும் பன்மையிலும் தனித்தனியே எடுத்துக்கொண்டார். பன்மையில் அது கோட்பாடுகளின் தொகுதி. அவற்றைக் குறித்து வாதிடலாம், ஏற்கலாம், மறுக்கலாம். ஒருமையிலோ அது ஒரு மனிதன் இறைவன்பால் சாய்ந்து நிற்கும் நிலை. கிறிஸ்துவை அறியாத ஒருவரிடமும் அத்தகைய உயிருள்ள சாய்வைக் கண்டிருக்கிறேன். அதற்கு இறைவன் விடையளிக்கவில்லை என்று சொல்ல என் நாவு எழாது என்பதே அவர் நிலையின் சாரம். கிரேமர் நூலிலிருந்து தொடங்கினார். ஹாக் தாம் முப்பத்தைந்து ஆண்டுகள் பழகிய மனிதர்களிடமிருந்து தொடங்கினார்.

இதைத் தமிழாக்க முயன்று நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 'விசுவாசம்' என்றால் அது கிறிஸ்தவ வழக்காகவே ஒலிக்கிறது. 'விசுவாசங்கள்' என்ற பன்மையோ தமிழில் நிற்கவில்லை. 'நம்பிக்கை - நம்பிக்கைகள்' என்று எழுதினேன். பன்மை உடனே 'மூட' என்ற அடையைத் தேடி ஓடுகிறது! நாட்டார் நம்பிக்கைகளைப் பற்றிய கட்டுரையோ என்று வாசகர் எண்ணுவர். முடிவில் ஒருமைக்குச் 'சிரத்தை' என்றும் பன்மைக்குச் 'சித்தாந்தங்கள்' என்றும் வைத்தேன். கீதையின் பதினேழாம் அத்தியாயம் சிரத்தையைப் பேசும்போது, ஒருவன் எந்தச் சாஸ்திரத்தை அறிவான் என்பதை அன்று, அவன் எதுவாகவே இருக்கிறான் என்பதைப் பேசுகிறது. ஹாக் சொல்ல விரும்பியது அதற்கு அருகில் வருகிறது. ஆயினும் இந்தத் தேர்வால் ஸ்காட்லாந்துக்காரரை நான் சற்றே கீதையின் மாணவராக்கிவிட்டேனோ என்ற உறுத்தல் போகவில்லை. கிரேமர் அருகில் இருந்திருந்தால், "பார்த்தீரா, கல்லைப் பெயர்த்துவிட்டீர்" என்றிருப்பார்.

சென்னை நண்பர்கள்

மாநாடு கூடிய அதே ஆண்டில் சென்னையிலிருந்து 'இந்தியாவில் கிறிஸ்தவம்: ஒரு மறுசிந்தனை' என்று பொருள்படும் ஆங்கில நூல் வெளியாயிற்று. எழுதியவர்கள் பெரும்பாலும் குருமார் அல்லர். பி. செஞ்சையா நீதிபதி, புதுக்கோட்டையில் தலைமை நீதிபதியாக இருந்தவர், கும்பகோணத்தில் வாழ்ந்த மாஸ்டர் சி.வி.வி.யின் யோக நெறியில் ஈடுபாடு கொண்டவர். அவர் மைத்துனராகிய வெங்கல் சக்கரை வழக்கறிஞர்; தொழிற்சங்கத் தலைவர்; பின்னாளில் சென்னை மேயர். இயேசுவை அவதாரம் என்று விளக்கி நூல் எழுதியவர். திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய மருத்துவர் எஸ். ஜேசுதாசனும் இக்குழுவில் உண்டு.

இவர்கள் கிரேமரை நேருக்கு நேர் மறுத்தனர். கோட்பாட்டையும் நிறுவனத்தையும் மேலைநாட்டிலிருந்து அப்படியே இறக்குமதி செய்வது எதற்கு என்பது அவர்கள் வினா. தம் முன்னோரின் சமயத்தை இருள் என்று கருத அவர்களால் இயலவில்லை. அது அவர்களுக்கு வீட்டுக்குள் வளர்ந்த நினைவு. சபையில் நாம் இல்லை என்றேன். நம் மொழியையும் நம் வீட்டையும் அறிந்த இவர்கள் ஒருவகையில் நமக்காகவும் பேசினார்கள் என்று பின்னர் உணர்ந்தேன். அதே சமயம், அவர்கள் நம்மவரின் சார்பாளர்கள் அல்லர். செஞ்சையா கிறிஸ்துவைப் புதிய படைப்பின் தொடக்கமாகக் கண்டவர். வேதாந்தம் போதும் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. அவரை நம் பக்கத்து வழக்கறிஞராக்கிக்கொள்வது மீண்டும் கல் பெயர்ப்பதே ஆகும்.

கடவுளுக்கு எந்தப் பெயர்?

மூன்று துறைகளும் பிரிய முடியாமல் ஒன்றுபடும் இடம் மொழிபெயர்ப்பு என்பது என் அனுபவம். இதற்குத் தமிழ் விவிலியத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சானபோது இறைவனுக்கு அவர் எடுத்த சொல் 'சர்வேசுரன்'. பின்னர் வந்த ஃபெப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் முழுமை பெற்ற பவர் குழுவின் பதிப்பு 'தேவன்' என்றது. 1995-இல் வெளியான திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது.

ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் ஒரு சர்ச்சை. மூலத்திலுள்ள சொல்லுக்கு எது நேர் என்பது விவிலிய ஆய்வாளரின் கேள்வி. 'தேவன்' என்றால் பல தேவர்களுள் ஒருவர் என்று பொருள்படாதா என்பது இறையியலாரின் கவலை. சிவனடியார் ஏற்கெனவே ஓதிவரும் பெயரால் வேறொரு சமூகம் தன் இறைவனை அழைத்தால், இருவரும் ஒருவரையே அழைக்கிறார்களா என்பது தத்துவத்தின் வினா. இவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: அந்தப் பெயரைச் சொல்லி அழுது தொழுதவர்களின் பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரேனியஸ் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். தொழுகையில் தோய்ந்த சொற்களைப் பண்டிதர்கள் கூடி மாற்றுவதா என்ற ஆற்றாமை அதில் இருந்தது. நம் தோத்திர நூல்களை 'எளிமைப்படுத்தி' அச்சிடும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

பிற்காலக் கூட்டங்கள்

தாம்பரத்திற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சென்னையில் பிறந்த பி.டி. தேவநந்தன், மாயைக் கோட்பாட்டைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர், 1957-இல் பெங்களூரில் சமயமும் சமுதாயமும் பற்றிய கிறிஸ்தவ ஆய்வு நிறுவனத்தை வழிநடத்தத் தொடங்கினார். இந்து அறிஞர்களை அழைத்து ஒரே மேசையில் அமரச் செய்தார். 1970-இல் லெபனானின் அஜல்தூனில் உலகத் திருச்சபை மன்றம் கூட்டிய சந்திப்பில் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் பங்கேற்பாளராகவே அமர்ந்தனர். அதை ஒழுங்கு செய்த ஸ்டான்லி சமர்தா இக்கர்நாடகத்தைச் சேர்ந்தவர். 1988 ஜனவரியில் தாம்பரத்திலேயே மீண்டும் கூடி ஐம்பது ஆண்டுக்கு முந்தைய விவாதத்தை மறுபரிசீலனை செய்தார்கள். இலங்கைத் தமிழரான வெஸ்லி அரியராஜா அம்முயற்சியின் முன்னணியில் இருந்தார். கிரேமரின் கேள்வி அப்போதும் தீரவில்லை.

இன்று இத்தகைய கூட்டங்களில் மிகப் பெரியது அமெரிக்காவில் ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறுகிறது. 1880-இல் தோன்றிய விவிலிய இலக்கியச் சங்கமும் அமெரிக்கச் சமய ஆய்வுக் கழகமும் ஒரே நகரில், ஒரே நாள்களில் கூடுகின்றன. 2008 முதல் மூன்றாண்டுகள் இவை பிரிந்து தனித்தனியே கூடின. 2011-இல் மீண்டும் சேர்ந்தன. விவிலியம் படிப்பவரும் பிற சமயங்களைப் படிப்பவரும் ஒருவருக்கொருவர் தேவையா என்ற ஐயம் அறிஞர்களுக்கும் உண்டு என்பதை இது காட்டுகிறது. 1994-இல் அமைந்த இந்து-கிறிஸ்தவ ஆய்வுச் சங்கம் இக்கூட்டத்தை ஒட்டியே தன் அமர்வுகளை நடத்துகிறது. இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் குளூனி நம்மாழ்வாரின் திருவாய்மொழியை ஈட்டு உரைகளோடு சேர்த்துப் படித்து எழுதியவை இந்த உலகிலிருந்து வந்தவையே. ஆழ்வாரை அப்படி உரையோடு படிக்கும் தமிழர் நம்மில் எத்தனை பேர்?

இவ்வுலகிலிருந்து வந்த இன்னொரு நூல் எனக்கு உறக்கம் கெடுத்தது. டிரினிடாட்டில் பிறந்த அனந்தானந்த ராம்பசன் அத்வைதி. குருகுலத்தில் முறையாகப் பயின்றவர். 1994-இல் அவர் எழுதிய நூலில், சங்கரர் சுருதியையே பிரம்மஞானத்திற்குப் பிரமாணமாகக் கொள்ள, சுவாமி விவேகானந்தர் அவ்விடத்தில் சமாதி அனுபவத்தை வைத்துச் சுருதியைக் கீழிறக்கிவிட்டார் என்று வாதிடுகிறார். முதல் முறை படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. மறுமுறை பென்சிலோடு படித்தேன். பிறகு பிரம்மசூத்திர பாஷ்யத்தை எடுத்தேன். இரண்டாம் சூத்திரத்தின் பாஷ்யத்தில், பிரம்ம விசாரணையில் சுருதி முதலியவற்றோடு அனுபவம் முதலியவையும் பிரமாணமே என்று சங்கரர் சொல்வது கண்ணில் பட்டது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த சூத்திரமோ சாஸ்திரத்தையே பிரம்மத்தை அறியும் வாயிலாக நிறுத்துகிறது. 'அனுபவம்' என்று சங்கரர் சொல்வது சமாதியையா, சுருதி வாக்கியத்தால் விளையும் ஞானத்தின் முதிர்ச்சியையா? இதை முடிவுசெய்ய எனக்கு மீண்டும் பதமும் வாக்கியமும் பிரமாணமும் தேவைப்பட்டன. அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த நூலைப் படிப்பதற்கு முன் பத்து ஆண்டுகள் நான் பாஷ்யத்தின் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றுகொண்டேதான் இருந்தேன்.

முதியவரிடம் இவற்றையெல்லாம் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் கேட்டது ஒன்றே: "அப்படியென்றால் அவள் கையில் எதைக் கொடுத்து அனுப்புவது, சாமி?" பேத்தியும் உடன் வந்திருந்தாள். கேனோபநிஷதத்தின் சங்கர பாஷ்யத்தை முதலில் படி, அது சிறியது, பதம், வாக்கியம் என்று இரண்டு பாஷ்யங்கள் அதற்கு மட்டும் உண்டு, இரண்டையும் ஒப்பிடு என்றேன். ஹாக்கின் நூலையும் கேட்டாள். என்னிடம் இருப்பது ஒளிநகல், ஓரங்கள் கிழிந்தது. கொடுத்தேன். அடுத்த மாத வகுப்பில் முதல் அத்தியாயத்தை அவளே எங்களுக்கு விளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தாத்தா முன்வரிசையில் அமர்வதாகச் சொல்லியிருக்கிறார்.